அத்தானுக்கு, 1991

மூன்று பாட்டில்கள் சாமான் அறையின் ஜன்னல் திட்டில் நின்றன. நாலு மணி வெயில் மூன்றையும் மூன்று விதமாகத் தாண்டி வந்து தரையில் விழுந்தது. முதலாவது அக்கா மகன் ரூபன் பெங்களூரில் கடையில் வாங்கிக் கொண்டுவந்தது. அதன் வழியாக வந்த வெயில் பச்சையாக இருந்தது, கண்ணாடிதான் பச்சை, உள்ளே இருப்பதன் நிறம் வெயிலுக்கும் தெரியாது. இரண்டாவது கெத்சியாள் நவம்பரில் பன்னீர் திராட்சை வாங்கி, கழுவி, துடைத்து, பீங்கான் ஜாடியில் சீனியும் கோதுமையும் பட்டையும் போட்டு ஊறவைத்து, இருபத்தொரு நாள் மர அகப்பையால் ஒரே பக்கமாகக் கிண்டி, மல் துணியில் வடித்து எடுத்தது. அதன் வெயில் இளஞ்சிவப்பு, குழந்தையின் காது மடலைச் சூரியனுக்கு எதிரே பிடித்தால் தெரியுமே, அந்தச் சிவப்பு. மூன்றாவதின் வழியாக வெயில் வரவேயில்லை. அது அக்காவுடையது. இருபத்தெட்டு வருஷமாக இந்த அறையின் மேல் தட்டில் இருக்கிறது. கழுத்தில் மெழுகு, வயிற்றில் ஒரு துண்டுக் காகிதம், காகிதத்தில் அக்காவின் சாய்ந்த கையெழுத்து: அத்தானுக்கு, 1991. வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு முன் கெத்சியாள்தான் அதைத் தூசி தட்டி அதே இடத்தில் வைப்பாள். யாருடைய கல்லறைக்கோ சுண்ணாம்பு அடிப்பதுபோல, அவள் வேலை அது. இன்று அதைக் கீழே இறக்கியாயிற்று. காலையில் ரூபன் வந்து இறங்கிய கையோடு, “சித்தி, அப்பாவுக்கு எழுபது. அம்மா பாட்டிலை இன்னிக்குத் திறந்துருவோமா?” என்று கேட்டான். கேட்டவன் முகத்தில் முப்பத்தொன்பது வயது இல்லை, பன்னிரண்டுதான் இருந்தது. அவள் அத்தானைப் பார்த்தாள். அவர் பேப்பரிலிருந்து தலையெடுக்காமல், “உன் இஷ்டம்” என்றார். எல்லாமே அவள் இஷ்டம்தான். திரைச்சீலை அவள் இஷ்டம், பெயின்ட் அவள் இஷ்டம், ஞாயிற்றுக்கிழமை ஆடா கோழியா என்பதும் அவள் இஷ்டம். அக்காவிடம் அவர் ஒரு திரைச்சீலைக்காக மூன்று நாள் பேசாமல் இருந்தார். அந்த மூன்று நாளும் கெத்சியாள் இந்த வீட்டில் விருந்தாளியாக இருந்தாள், பதினெட்டு வயது, இரண்டு பேருக்கும் நடுவில் உப்பையும் தண்ணீரையும் எடுத்துக்கொடுத்தாள். மூன்றாம் நாள் சாயங்காலம் அவர்கள் இருவரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பு அவளுக்கு இன்னும் கேட்கும். திரைச்சீலை கிழிந்து கந்தலாகிப் போயிற்று, சிரிப்பு கிழியவில்லை. இஷ்டம் என்றால் என்ன, சண்டை போட ஆளில்லை என்றுதானே அர்த்தம்.

அத்தான் என்று அவரை அவள் முதன்முதலில் கூப்பிட்டது பதினைந்தாவது வயதில். அக்காவின் கல்யாணத்தன்று கோயில் வாசலில் அப்பா தோளைத் தட்டி, “அத்தானுக்கு ஸ்தோத்திரம் சொல்லு” என்றார், அவள் சொன்னாள். அக்காள் புருஷன் அத்தான். பதினேழு வருஷம் கழித்து அதே கோயிலில், கூட்டமில்லாமல், பாட்டு இரண்டோடு முடித்துக்கொண்ட ஒரு காலை நேரத்தில், அவள் அவரைக் கட்டிக்கொண்டாள். அப்போதும் அத்தான். கட்டினவரும் அத்தான். மொழி அவளுக்காக ஒரு சொல்லைக்கூட மாற்றிப் போடவில்லை. ரூபனுக்கு அவள் சித்தியாக இருந்தாள், அம்மாவின் தங்கச்சி. பிறகும் சித்தி, அப்பாவின் இரண்டாம் தாரம். அவன் நாக்குக்கும் புதிதாக ஒன்றும் பழகவேண்டி வரவில்லை. பெயர்ப்பலகையை மாற்றாமலே கடை கைமாறிவிட்டது. நாத்தனார் சொர்ணம் மைனிக்கு அவள் இன்றைக்கும் “சின்னவ”. மருமகள் பெனிட்டாவுக்கு அத்தை. போன வருஷம் ரிட்டயர் ஆகும்வரை கல்லூரியில் மேடம். இரண்டு மாதம் முன்பு வேலைக்கு வந்த பேச்சியம்மாளுக்கு டீச்சரம்மா. அவருக்கோ அவள் ஒன்றுமேயில்லை. “இந்தாரு” என்பார். “கேட்டியா” என்பார். தூரத்தில் இருந்தால் கைதட்டாத குறையாக ஒரு இருமல். மின்வாரியத்தில் இன்ஜினியராக இருந்த மனிதர், வீட்டு ஸ்விட்சுகளுக்கெல்லாம் பென்சிலால் பெயர் எழுதி ஒட்டியவர், அவளுக்கு மட்டும் ஒட்டவில்லை. அக்காவை எமி, எமி என்று நூறு தரம் கூப்பிடுவார். எமீமாள் என்ற பெயரை எமி என்று சுருக்கினது அவர்தான். அந்தச் சுருக்கத்துக்குள் எவ்வளவு இடம் இருந்தது. இரண்டு எழுத்துக்குள் ஒரு வீடு முழுக்க இருந்தது.

இன்றைக்கு ஒன்றே ஒன்று வேண்டியிருந்தது அவளுக்கு. இந்த இளஞ்சிவப்பு மேசைக்கு வரவேண்டும். ஐயர் ஜெபத்தை முடித்துக்கொண்டு போனபிறகு (கோயில் பாதிரியாரைப் பாளையங்கோட்டையில் ஐயர் என்றுதான் சொல்வது), சொந்தக்காரர்கள் மட்டும் மிச்சம் இருக்கையில், இது கிளாஸ்களில் ஊற்றப்படவேண்டும். யாராவது ஒருவர், யாரானாலும் சரி, இது கெத்சி ரசம் என்று சொல்லவேண்டும். இந்த வீட்டில் அதற்கு ரசம் என்றுதான் பெயர், வைன் என்று யாரும் சொல்வதில்லை. இருபத்துநாலு வருஷமாக அவள் வடித்ததையெல்லாம் குடித்துவிட்டு, “எமி கை அப்படியே இருக்கு” என்று அவள் முகத்துக்கு நேரேதான் சொன்னார்கள். புகழ்ச்சி என்று நினைத்துத்தான் சொன்னார்கள். அவளும் சிரித்தாள். தப்பு அவள் மேலும்தான், அக்காவின் நோட்டைப் பார்த்துத்தான் செய்தாள், அக்கா எழுதினபடி கிராம்பு ஏழு, அக்கா எழுதினபடி நிறத்துக்குக் கருக்கின சீனிப்பாகு. இந்த வருஷம் நோட்டைத் தொடவில்லை. கிராம்பு இல்லை, பாகு இல்லை, ஒரு கீற்று நார்த்தங்காய்த் தோல் மட்டும். வெளுத்தாலும் அது அவளுடைய வெளுப்பு. இந்த யோசனையெல்லாம் போன வாரம்வரை நேராகத்தான் ஓடியது. இன்று ரூபன் கேட்டதோடு குறுக்கே ஒரு கட்டை விழுந்தது. செத்துப்போனவளின் கடைசி பாட்டிலுக்குப் பக்கத்தில் உயிரோடிருப்பவளின் புது பாட்டிலை வைத்தால் எதன் பக்கம் கை போகும் என்று கேட்கவேண்டியதில்லை. இறந்தபோது அக்காவுக்கு நாற்பது. அவளுக்கு இப்போது ஐம்பத்தெட்டு. அக்கா இனி நரைக்கமாட்டாள், முழங்காலுக்குத் தைலம் தேய்க்கமாட்டாள், திரும்பத் திரும்ப ஒரே கதையைச் சொல்லி யாரையும் அலுக்கவைக்கமாட்டாள்.

ஒருவேளை கெட்டுப்போயிருக்கலாம். அந்த நினைப்பு வந்ததும் அவள் எழுந்தே விட்டாள். வீட்டு ரசம் இருபத்தெட்டு வருஷம் தாங்குமா, மெழுகில் ஒரு கீறல் போதுமே, புளித்துக் காடியாகியிருக்கும், மூக்கைச் சுளிக்க வைக்கும் காடி. எல்லார் முன்னாலும் உடைத்து ஊற்றி எல்லாரும் முகம் சுளித்தால், சீ, என்ன நினைப்பு இது, அக்கா உன்னை இடுப்பில் தூக்கிச் சுமந்தவள், தலையில் ஈர் எடுத்தவள், முதல் தரம் நீ ரசம் குடித்ததே அவள் சேலை முந்தானைக்குப் பின்னால், அம்மாவுக்குத் தெரியாமல், “ஒரே வாய்தாளா, பல்லுல படாம முழுங்கு” என்று டம்ளரைச் சாய்த்தாளே, அந்த இனிப்பு. அந்த இனிப்பு போகட்டும், காடியாகத்தான் இருக்கவேண்டும், இருந்தால் நல்லது. விருந்தாளிக்குக் கொடுக்கும் முன்பு ருசி பார்ப்பது வீட்டுக்காரியின் கடமை. அந்தக் கடமை என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு அவள் அடுக்களைக் கத்தியால் மெழுகைச் சுரண்டினாள். மெழுகு வில்லையாகப் பெயர்ந்தது. கார்க்கை இரண்டு கையாலும் திருகினாள். மூச்சு வாங்கியது. ஒரு தேக்கரண்டியில் ஊற்றி, கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு தரம் பார்த்துக்கொண்டு, வாயில் விட்டாள்.

காடியில்லை. கெட்டியாக, இருட்டாக, தேன்போல நாக்கில் உட்கார்ந்தது. அப்புறம், விழுங்கினதற்குப் பிறகு, அடிநாக்கில் ஒரு கசப்பு மெல்ல எழுந்து வந்தது. சட்டியில் பிடித்துப்போன சீனியின் கசப்பு. கருகல். அவள் இடது மணிக்கட்டு அதை முதலில் தெரிந்துகொண்டது. அங்கே இருக்கும் தழும்பு, புளியிலை அகலத்துக்கு, பளபளவென்று, சட்டென இறுகியது. அக்கா ஒரு நாளும் பாகைக் கருகவிட்டவளில்லை. கருகவிட்டது இவள். கல்யாணம் ஆன மறு வருஷம், இந்த வீட்டில் அவள் வடித்த முதல் ரசம், கிறிஸ்துமஸுக்கு ஆறு நாள் இருக்கிறது, வெண்கல உருளியில் சீனி பொன்னாகி, செம்பாகி, அதைத் தாண்டும் தறுவாயில் வெந்நீர் ஊற்றவேண்டும், ஊற்றப்போகிறாள், பின்வாசலில் செருப்பு விடுகிற சத்தம். “எமி, என் பேனா எங்க?” அவ்வளவுதான். சாதாரணமாகத்தான் கேட்டார், பழக்கத்தில், தலை துவட்டுகிறமாதிரி. அவள் திரும்பினாள். திரும்பியிருக்கக்கூடாது, அது அவள் பெயரில்லை, ஆனாலும் அந்த அடுக்களையில் வேறு யார் இருந்தார்கள் திரும்புவதற்கு. வெந்நீர் விழுந்து பாகு சீறி மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டது. வலியைவிட அவர் முகம்தான் ஞாபகம் இருக்கிறது. தேன் பாட்டிலைத் தேடி எல்லாத் தட்டையும் கலைத்தார். இரண்டு பேரும் தேனைப் பற்றியே பேசினார்கள், மலைத்தேனா, கடைத்தேனா. பெயரைப் பற்றிப் பேசவில்லை. அதற்குள் உருளியில் மிச்சப் பாகு கருகியது. சீனி இனி வாங்கமுடியாது, கடை அடைத்தாயிற்று, கருகினதையே ஊற்றிக் கலக்கினாள். அன்றிலிருந்து அவர் வாயில் எந்தப் பெயரும் இல்லை. எமியும் இல்லை, கெத்சியும் இல்லை. அந்த வருஷத்து ரசம் இது. அக்காவின் பாட்டிலில், அக்காவின் மெழுகுக்குள், அக்காவின் காகிதத்துக்குப் பின்னால், அவளுடைய கருகல்.

அப்படியானால் அக்காவுடையது எங்கே? அவள் முக்காலியில் திரும்ப உட்கார்ந்தாள். அவளைத் தவிர இந்த வீட்டில் மெழுகு உருக்கி அடைக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர், ஒருத்தி இல்லை, மிச்சம் அத்தான். குடித்துவிட்டார். தனியாகக் குடித்துவிட்டார். ஒரு பாட்டில் முழுவதையும் ஒரே மூச்சில் ஒரு மனிதர் குடிக்கமுடியாது, அவர் அப்படிக் குடிக்கிறவருமில்லை, அப்படியானால் கொஞ்சம் கொஞ்சமாக, பல நாள், ஒவ்வொரு நாளும் ஒரு வாய், அவள் பக்கத்து அறையில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்திருப்பாள், சிவப்பு மையில் சரி, தப்பு, சரி, தப்பு, இந்தப் பக்கம் அவர் இதே முக்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடி அக்காவை வாயில் வைத்துக்கொண்டிருந்திருப்பார். உடனே விழுங்கியிருக்கமாட்டார். பல்லில் படாமல் வைத்திருந்திருப்பார். அப்புறம் வாய் கொப்பளித்துவிட்டு வந்து, “சாப்பாடு ஆச்சா” என்று அவளைக் கேட்டிருப்பார். எந்த நாட்கள் அவை? அந்த வருஷத்தின் எந்தெந்தச் சாயங்காலங்கள்? ஒன்றொன்றாக எடுத்துப் பார்த்தாள், எல்லாவற்றிலும் அவர் வாய் கொப்பளிக்கிற சத்தம் கேட்டது. இவ்வளவு நாள் அவள் பொறாமைப்பட்டது ஒரு நிரம்பின பாட்டிலின் மேல். இப்போது அது ஒரு காலி பாட்டிலின் மேல் போய் உட்கார்ந்தது, காலிக்கு அளவு கிடையாது. இன்னொன்றும் பின்னாலேயே வந்தது. இன்று இரவுச் சாப்பாட்டில் எல்லாரும் அக்காவுடையது என்று குடிக்கப்போவது அவளுடையதை. ஒரே ஒரு வாக்கியம் போதும். இது நான் வடிச்சது. அவள் அதை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தாள். இது நான் வடிச்சது, அக்காவோடத உங்க தம்பி குடிச்சுட்டாவ மைனி. சொர்ணம் மைனியின் வாய் திறந்தபடி நிற்பதைக்கூடப் பார்த்துவிட்டாள். கார்க்கைத் திணித்தாள். மேசை டிராயரிலிருந்து மெழுகுவர்த்தி எடுத்து உருக்கி, கழுத்தைச் சுற்றிச் சொட்டுச் சொட்டாக விட்டு, விரலால் வழித்தாள். சூடு விரலில் ஏறியபோதுதான் தோன்றியது, அவர் விரலிலும் இப்படித்தான் ஏறியிருக்கும்.

ஆறு மணிக்கு ஐயர் வந்தார். எழுபது பேருக்கு ஜெபிப்பதுபோல எழுபது வருஷத்துக்கும் ஜெபித்தார். எமீமாளை நினைவுகூர்ந்தார், கொடுத்தவரும் எடுத்தவரும் என்றார், அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு, “இந்த வீட்டம்மாவையும் ஆசீர்வதியும்” என்றார். ஐயருக்கும் அவள் பெயர் ஓடவில்லை. கெத்சியாள் கண்ணை மூடியிருந்தாள், மூடின கண்ணுக்குள் ஜன்னல் திட்டும் மூன்று வெயிலும் இருந்தன. பெனிட்டா, நல்ல பெண், பெங்களூரிலிருந்தே பஞ்சில் பொதிந்து கொண்டுவந்த காம்பு வைத்த கிளாஸ்களைத் துடைத்துத் தட்டில் அடுக்கி வைத்திருந்தாள். அது அடுக்களை மேசையில் ஐயர் கண்ணில் படாமல் இருந்தது. ஐயர் சாப்பிட உட்கார்ந்தார். பிரியாணியில் பாதி போனபோது அத்தானின் மச்சினர் தங்கையா அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை. அவருக்கு எப்போதும் பொறுக்காது. உள்பக்கம் பார்த்துக் கண்ணைச் சிமிட்டி, “தங்கச்சி, ரசம் ரெடியா? ரசம் வந்தாத்தான் விருந்து முடிஞ்ச மாதிரி இருக்கும்” என்றார். ஐயர் போனபிறகு என்பதுதான் அந்தச் சிமிட்டலுக்குப் பொருள். எல்லாருக்கும் தெரியும். பேச்சியம்மாளுக்குத் தெரியாது. கெத்சியாள் தயிர்ப் பச்சடியோடு திரும்புவதற்குள் பேச்சியம்மாள் அடுப்பிலிருந்த மிளகு ரசத்தைக் காம்பு கிளாஸ்களில் முக்கால் முக்காலாக ஊற்றி, மேலே கொத்தமல்லித் தழை மிதக்க, தட்டோடு கூடத்துக்குள் போய்விட்டாள். முதல் கிளாஸை ஐயர் முன்னால் வைத்தாள். ஐயர் கிளாஸைத் தூக்கி விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தார், மூக்குக்குக் கொண்டுபோனார், ஒரு மிடறு குடித்தார். “தொண்டைக்கு இதமா இருக்கும்மா. இன்னும் கொஞ்சம் இருக்கா?” தங்கையா அண்ணாச்சிக்குப் புரையேறி, ரூபன் முதுகில் தட்டினான். அத்தான் சிரித்தார். குனிந்து, தோள் குலுங்க, சத்தமில்லாமல். கெத்சியாளுக்கும் அதே நேரத்தில் சிரிப்பு வந்துவிட்டது. அவர் தலை தூக்கி அவளைப் பார்த்தார். ஒரு நொடிதான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்தோம் என்று அவள் நினைத்தாள், நினைத்ததும் சிரிப்பு போய்விட்டது, அந்தத் திரைச்சீலைச் சிரிப்பு ஞாபகம் வந்து இதன் பக்கத்தில் நின்றுகொண்டது, அளந்து பார்க்கச் சொல்லி.

ஐயர் கார் தெருமுனை திரும்பியதும் கூடத்தில் நாற்காலிகள் நெருங்கின. கிளாஸ்களைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்தாள் பெனிட்டா. கெத்சியாள் தன் பாட்டிலை முதலில் கொண்டுபோனாள், அதுவும் ஒரு தந்திரம்தான், வாய் சுத்தமாக இருக்கும்போது குடிக்கட்டும் என்று. சொர்ணம் மைனி கிளாஸை உருட்டிப் பார்த்தார். “ஏளா சின்னவளே, என்ன இது வெளுத்துப்போயி? சீனி கருக்க மறந்துட்டியா?”

“இல்ல மைனி, இந்த வருசம் கருக்கல.”

“எமி கருக்குவா பாரு, காக்காப்பொன் மாதிரி மின்னும்.”

“நல்லாயிருக்கு அத்தை, ரொம்ப லைட்டா” என்றாள் பெனிட்டா. தங்கையா அண்ணாச்சி ஒரே வாயில் முடித்துவிட்டு, “இது கழுவுன தண்ணி. இனி அசலைக் கொண்டாங்க” என்றார். சிரித்தார்கள், கெட்ட எண்ணம் இல்லாத சிரிப்பு. அத்தான் மட்டும் மெதுவாகக் குடித்தார், கிளாஸைக் கீழே வைத்தார், நார்த்தங்காய்த் தோல் அவர் நாக்குக்குத் தெரிந்ததா, தெரிந்திருக்காது. அவள் உள்ளே போய் மூன்றாவது பாட்டிலைக் கொண்டுவந்து ரூபன் கையில் கொடுத்தாள். ரூபன் காகிதத்தை ஒரு தரம் தடவினான். “அம்மா எழுத்து,” என்றான். மெழுகைக் கத்தியால் எடுத்தான். அவள் இன்று சாயங்காலம் விட்ட மெழுகு, இன்னும் மெத்தென்று இருந்தது, அவன் கவனிக்கவில்லை. எல்லார் கிளாஸிலும் கொஞ்சம் கொஞ்சம் விட்டான். கூடம் கோயில்போல ஆனது. சொர்ணம் மைனி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டே குடித்தார். “எமியேதான்,” என்றார். “இருபத்தெட்டு வருசமாச்சு, கை மாறல பாரு.” தங்கையா அண்ணாச்சி பேசவேயில்லை, அது அவர் ஆயுளில் மிகப் பெரிய மரியாதை. இப்போது. இப்போது சொல்லவேண்டும். இது நான் வடிச்சது. சொல்ல வாயெடுத்தாள். ரூபன் அவள் பக்கம் திரும்பினான், கண் நிறைந்திருந்தது. “சித்தி, கடைசில சின்னதா ஒரு கசப்பு வருது, பார்த்தீங்களா? முழுங்கினப்புறம்? மத்ததெல்லாம் யார் வேணா செய்யலாம். அதுதான் அம்மா. எனக்கு ஞாபகம் இருக்கு.” எப்படி ஞாபகம் இருக்கும், இல்லாதது எப்படி ஞாபகம் இருக்கும், அது என் கை வெந்த கசப்புடா. பதினாலு வயதில் காய்ச்சலில் நீ பிதற்றினபோது பக்கத்தில் இருந்தவளின் கசப்பு, பள்ளிக்கூட நோட்டுக்கெல்லாம் அட்டை போட்டவளின் கசப்பு. “ஆமாய்யா,” என்றாள் கெத்சியாள். “அக்காவுக்கு அந்தக் கை.” சொன்னபிறகு, எதையோ கழற்றிக் கொடுத்துவிட்டதுபோல மணிக்கட்டு லேசாக இருந்தது. அத்தான் கிளாஸை உதட்டில் வைத்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்வாசலில் கை கழுவ அவர் வந்தபோது அவள் குழாயடியில் நின்றுகொண்டிருந்தாள். முருங்கை மரம் காற்றில்லாமல் நின்றது. அவள் திரும்பாமலே கேட்டாள். “அக்காவோடத என்ன செஞ்சீய?”

அவர் தெரியாததுபோல் நடிக்கவில்லை. “காடியாப் போச்சு” என்றார்.

“எப்ப?”

“நீ முதல்ல ரசம் போட்ட வருசம். தை பொறந்து ஒரு வாரம் இருக்கும். மெழுகு வெடிச்சு எறும்பு மொய்ச்சுக் கெடந்துச்சு.”

“குடிச்சீளா?”

“ஒரு வாய்.” குழாயைத் திறந்தார், மூடினார். “அதுக்கு மேல முடியல.”

“மிச்சம்?”

அவர் மோவாயால் முருங்கையைக் காட்டினார். இருபத்தைந்து வருஷமாக அந்த மரத்தில் அவள் காய் பறித்திருக்கிறாள், கீரை உருவியிருக்கிறாள், சாம்பாரில் போட்டு எல்லாருக்கும் ஊற்றியிருக்கிறாள். “பய தெனமும் பள்ளிக்கூடம் போறப்ப அந்த பாட்டிலைத் தொட்டுட்டுப் போவான்,” என்றார் அவர். “காலியா எப்படி வைக்க? உன்னது பன்னெண்டு பாட்டில் இருந்துச்சு. நிறம் சேர்ந்துச்சு, எடுத்து ஊத்திட்டேன்.”

நிறம் சேர்ந்தது. அவ்வளவுதான். அவள் அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு வாய் என்றால் ஒரு வாய்தானா, கண்ணை மூடினாரா, துப்பினாரா, விழுங்கினாரா, கேட்கலாம், கேட்டால் சொல்வார், சொன்னாலும் அது அடங்காது. நிறம் சேர்ந்ததால் எடுத்த பாட்டில். பன்னிரண்டில் ஒன்று. ஒரு ஸ்விட்ச் கெட்டால் அதே நிறத்தில் இன்னொன்று வாங்கிப் பொருத்துகிறோமே.

“கையில அன்னைக்கு என்ன போட்டோம்?” என்றார் அவர் திடீரென்று. “சுண்ணாம்பா?”

“தேன்.”

“ஆமா, தேன். அலமாரி முழுக்கக் கலைச்சுட்டேன்லா.” துண்டில் கை துடைத்தார், ஒவ்வொரு விரலாக, வெகு நேரம். “தழும்பு இருக்கா இன்னும்?”

அவள் கையை நீட்டினாள். அவர் தொடவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, குனிந்து, மீட்டரில் ரீடிங் பார்ப்பதுபோலப் பார்த்தார். பார்த்துவிட்டு, “மறக்கல” என்றார். யார் மறக்கவில்லை, நாக்கா, கையா, அவரா, என்று அவள் கேட்பதற்குள் கூடத்தில் தங்கையா அண்ணாச்சி, “மச்சான், கேக்கு வெட்டாம எங்க போனீரு?” என்று சத்தம் போட, அவர் துண்டைக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

அடுக்களையில் பேச்சியம்மாள் காம்பு கிளாஸ்களைச் சாம்பல் இல்லாமல், பயந்து பயந்து, பஞ்சால் கழுவிக்கொண்டிருந்தாள். மூன்றாவது பாட்டில் மேசையில் காலியாக நின்றது. காகிதத்தின் ஒரு முனை ஈரத்தில் எழும்பியிருந்தது. அத்தானுக்கு. கெத்சியாள் அதை வாசித்தாள். அவளுக்கு எழுதப் பழக்கிக்கொடுத்ததே அக்காதான், சிலேட்டில், கையைப் பிடித்து. அந்த ‘த்’தின் வால் இடது பக்கம் வளைகிற விதம் இருவருக்கும் ஒன்றுதான், தேதியைக் கிழித்துவிட்டால் யார் எழுதினது என்று யாராலும் சொல்லமுடியாது. எழும்பின முனையைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினாள். ஒட்டவில்லை. திரும்ப அழுத்தினாள். இளஞ்சிவப்பு பாட்டில் பக்கத்தில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. நாளைக்கு ஊற்றிவிடலாம், முருங்கைக்கே ஊற்றிவிடலாம், அக்காவுக்குத் துணையாக இருக்கும்.

கூடத்திலிருந்து அந்த இருமல் கேட்டது. “இந்தாரு,” என்றார் அவர். கத்தி தட்டில் படுகிற ஓசை, ரூபன் ஏதோ கேட்கிற ஓசை, அதற்கும் மேலே அவர் தொண்டையைச் செருமுகிற ஓசை. “கெத்சி.” சத்தமாகவுமில்லை, ரகசியமாகவுமில்லை. பல வருஷம் திறக்காத கதவின் தாழ்ப்பாளை எடுத்தால் வருமே, அப்படி, முதல் எழுத்தில் கொஞ்சம் துருப்பிடித்து. “கெத்சி, அந்த வெளுத்ததுல மிச்சம் இருந்தா எடுத்துட்டு வா.”

பேச்சியம்மாள் கிளாஸைப் பிடித்தபடி திரும்பினாள். “ஐயா யாரைக் கூப்பிடுதாவ டீச்சரம்மா? யாரும் புதுசா வந்திருக்காவளா?”

கெத்சியாள் இளஞ்சிவப்பு பாட்டிலை எடுத்துக்கொண்டாள். இடது கையால்தான்.

“ஆமா பேச்சி,” என்றாள். “இப்பதான் வந்திருக்கா.”